4417 இலக்கப் பெட்டி

சீனன்குடாக் கடவையடியில்
விடிய ஐந்தே முக்காலுக்கு நிற்பேன்,
புருவமெல்லாம் கோதுமை மா.
முகம் கழுவப் போனால் கோச்சி போய்விடும்.

ஆலையின் எடைமேடையில் இரவுக் கணக்கு நான்.
எந்தப் பெட்டி எத்தனை தொன் என்று கேளுங்கள், சொல்வேன்.
பாரம் ஏறிய பெட்டி வளைவில்
ஒரு பக்கம் தோளைச் சாய்த்துப் போகும் விதத்தை
எழுதப் பேரேட்டில் இடமில்லை.
அதற்குத்தான் கமரா.

பழசு. கல்யாண வீடுகளில் உழைத்து ஓய்ந்தது.
உப்புவெளியில் ஒருவரிடம் நாலு தவணையில் வாங்கினேன்.
வில்லையின் மூலையில் பூஞ்சணம்.
நான் எடுக்கும் எல்லா வானத்திலும்
இடப்பக்கம் ஒரு மேகம்,
சித்திரை வெயிலிலும் கலையாது.

காவலரணில் நின்ற பொடியன் ஒருநாள் மறித்தான்:
'கோச்சிய ஏன் எடுக்குது?'
படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினேன்.
பெட்டி, பெட்டி, பெட்டி, ஒரு மான், பெட்டி.
கொட்டாவி விட்டுக் கமராவைத் திருப்பித் தந்தான்.
இப்போது தூரத்திலேயே கைகாட்டுவான்,
'அக்கே, இண்டைக்கு லேட்.'

இது பாதை முடிகிற ஊர்.
நாளைக்கு ஒரு சரக்குக் கோச்சி போனால் பெரிய காரியம்.
மலையில் அப்படியில்லை.
வட்டகொடைக் கடவையில்
சந்தனராஜின் பாடசாலை வான் மறிபடாத காலையே கிடையாது:
எண்ணெய்க் கோச்சி, தபால் கோச்சி,
வெள்ளைக்காரர் தொங்கிக்கொண்டு போகும் பதுளைக் கோச்சி,
அதற்கும் பின்னால், மூச்சு வாங்கி வாங்கி, என் மாப் பெட்டிகள்.
உள்ளே பதினான்கு பிள்ளைகள் இலக்கங்களைக் கத்துவார்கள்.
அவர் ஒரு கையால் படமெடுப்பார்.
ஓரத்தில் எப்போதும் வான் யன்னலின் கறுப்புக் கீற்று.

நாங்கள் ஒருவரை ஒருவர் கண்டதில்லை.
செவ்வாய் நான் அனுப்பும் 4417
வெள்ளி அவரிடமிருந்து என் போனுக்கு வரும்,
அரைவாசி பனிக்குள்.

'என்னாங்க, ஒங்க ஊருல தெனமும்
அதே எடத்துல மேகம் நிக்குதா?'
பூஞ்சணம் என்று எழுதி, அழித்துவிட்டு,
'ஓம், நிற்கும்' என்று அனுப்பினேன்.

கார்த்திகையில் மலை சரிந்தது.
தண்டவாளம் அந்தரத்தில் தொங்குகிறது என்றது வானொலி.
சந்தனராஜின் நம்பருக்கு எடுத்தால்
ஒரு பெண்குரல் மூன்று மொழியிலும் இல்லை என்றது.
ஆறு நாள்.
நான் கோச்சியில்லாத பாதையை எடுத்துக்கொண்டிருந்தேன்.
கம்பியில் மழை. கம்பியில் கொக்கு.
சிலிப்பர்க் கட்டைகளில் சிந்திய மா
குழைந்து புளித்து மணத்தது.

ஏழாம் நாள் ஒரு படம்.
பக்கப்பாதையில் 4417, சில்லுகளுக்கிடையே புல்,
அடியில் குட்டிகளோடு ஒரு நாய்.
'புள்ளைங்க எல்லாம் சொகம். வான்தான் போச்சு.'
பெட்டியை நான் பார்க்கவில்லை,
ஓரத்தைத்தான் பெரிதாக்கிப் பார்த்தேன்:
கறுப்புக் கீற்று இல்லாத
அவருடைய முதல் படம்.

மாசியில் பாதை திறந்தது.
வெறும் பெட்டிக்குச் சத்தம் கூட.
கந்தளாய்ப் பக்கம் வரும்போதே கேட்டதுபோல் ஒரு பிரமை.
விடிய மூன்று பத்துக்கு என் மேடையில் ஏறியது.
அதன் வெற்றெடை எனக்கு மனப்பாடம்.
நாற்பது கிலோ கூட.

இன்னொருமுறை நிறுத்தேன். நாற்பது.
டோர்ச்சோடு சுற்றி வந்தேன்:
அடிச்சட்டத்தில் அப்பிய செம்மண்,
கூரை விளிம்பில் பாசி,
பலகை இடுக்கில் நாய்மயிர்.
நான் பார்த்திராத மலை
இவ்வளவுதான் வந்திருக்கிறது.

வித்தியாசத்துக்குக் காரணம் எழுதச் சொன்னார் மேற்பார்வையாளர்.
'ஈரம்' என்று எழுதினேன்.

வெளிச்சம் வந்ததும்
அந்தச் சேற்றுக்குக் கிட்டப் போய் ஒரு படம்.
வானமே இல்லை அதில்.
இடப்பக்க மூலையில்
மேகம் மட்டும்.