இடக்கைச் சுண்டுவிரல்

கொம்தார், மூன்றாம் மாடி.
குளிர்சாதனம் சொட்டுகிற இடத்தில்
மைலோ டின் ஒன்றை வைத்திருப்பார்கள்,
அதற்கு அடுத்த கடை.

ஐ.சி.யை வாங்கிக் கருவியில் செருகினான் பூன் ஹாக்.
"இந்த லைன் யார் பேரில் அக்கா?"
என் பேரில்.
கேட்காததுபோல் நிமிர்ந்து பார்த்தான்.
என் பேரில், தம்பி. தவமலர்.

நாற்பத்து மூன்று வயதுவரை
குணாளன் அண்ணன் பில்லில் நான் நான்காவது எண்.
மாதக் கடைசியில் கண்ணாடி போட்டுக்கொண்டு
"பதினாறாம் தேதி யாரோடு நாற்பது நிமிஷம்?" என்பார்.
கோபமெல்லாம் இல்லை. கணக்கு.

திரை விழித்து மொழி கேட்டது.
"இங்கிலீஷ் போடுறேன் அக்கா,
தமிழ் போட்டா எனக்கு ஒண்ணும் புரியாது லா."
எனக்குப் புரியும் என்று
பட்டியலின் அடிவரை தள்ளிக்கொண்டு போனேன்.

அதற்கப்புறம் அது என்னோடு மட்டும் பேசியது.
தொடர்க. ஏற்கிறேன். பிறகு.
என் வாழ்நாளில் யாரும் எனக்கு
இத்தனை தடவை 'தவிர்' என்று
ஒரு பொத்தான் தந்ததில்லை.
பழைய சாதனத்திலுள்ள அனைத்தையும் நகலெடுக்கவா?
அனைத்தையுமா?
தவிர்.

பிறகு, விரலை வைக்கவும்.
"இபு ஜாரி, அக்கா." பெருவிரல்.
மலாயில் அது தாய்விரல்.
வைத்தேன். கண்ணாடிக்கடியில் பச்சை ஒளி
ஒரு மூச்சு விட்டு அணைந்தது.
அடையாளம் காண முடியவில்லை.
துடைத்துவிட்டு முயலவும்.
துப்பட்டாவில் துடைத்தேன். முயன்றேன்.
முடியவில்லை.

பதினெட்டு வருஷம் பாயான் லெப்பாஸ்,
அமிலத் தொட்டிப் பிரிவு.
கைப்பேசி வயிற்றுக்குள் போகிற சில்லுகளை
முக்கி, அலசி, முக்கி, அடுக்கியது.
கையுறை உண்டு.
கையுறையில் ஓட்டையும் உண்டு,
ஷிஃப்ட் முடிய அரைமணி இருக்கையில்தான் அது தெரியவரும்.
எந்தத் தொட்டியில் எந்த ரேகை போயிற்றோ.
ஊர்ப்பட்ட கைப்பேசிக்குள் நான் கரைந்திருக்கிறேன்,
என்னுடையது கேட்கிறது நீ யாரென்று.

ஆள்காட்டி விரல். இல்லை.
நடுவிரலை நீட்டியபோது
அவன் சிரிப்பை விழுங்கினான். நானும்தான்.
மோதிர விரலில் மோதிரமும் இல்லை ரேகையும் இல்லை.
பின்னால் நின்றவர் நாற்காலியை இழுத்துப் போட்டு
உட்கார்ந்தே விட்டார்.
"நம்பர் லாக் போதுமே அக்கா."
பொறு.

இடக்கை. அதிலும் கடைசி.
தட்டைத் தூக்கும்போது நாலு பேரும் வேக
தான் மட்டும் எட்டி நிற்கும்,
பந்தி நடக்கையில் வாசலில் நிற்கிற
பெரிய வீட்டு மாப்பிள்ளை மாதிரி.
ஒரு வேலையும் செய்யாத சுண்டுவிரல்.

பச்சை ஒளி நின்றது.
யோசித்தது.
விரலை உயர்த்தி, மீண்டும் தொடவும் என்றது.
உயர்த்தினேன், தொட்டேன், உயர்த்தினேன்,
ரேகைச் சித்திரம் அடியிலிருந்து
குடத்தில் தண்ணீர்போல் ஏறி நிறைந்தது.
"ஹோ லியாவ்!" என்று பூன் ஹாக் மேசையைத் தட்டினான்.
நாற்காலிக்காரர்கூடக் கை தட்டினார்.

இந்தச் சோம்பேறியைத்தான்
நான் என்று எழுதி வைத்திருக்கிறது இனி அது.

ஃபெரி மேல்தளத்தில் நல்ல காற்று.
புதியதில் பழைய எண்ணை அழுத்தினேன்.
மடியில் பைக்குள் துடித்தது.
எடுத்துப் பார்த்தேன்: தெரியாத எண்.
அது சரிதான்.
ஹலோ, யாரு? என்றேன்
வலது காதில்.
ஹலோ, யாரு? என்றது
சற்றுப் பிந்தி, இடது காதில்.
பக்கத்திலிருந்த பையன்
அம்மாவைத் தொட்டு என்னைக் காட்டினான்.

பதினொரு நொடி.
இந்தப் பில் எனக்கு வரும்.