இரண்டாம் அறைக் கதவின் பின்புறம் ஒட்டியிருப்பது

பராக்கோவா. அவசரமில்லாமல் சொல்லிப் பாருங்கள்.
பேருந்து மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கியதில்
உங்கள் வயிறு இன்னும்
கடைசி வளைவில்தான் நின்றுகொண்டிருக்கும்.
முதல் வேலை, அது வந்து சேரும்வரை காத்திருப்பது.
மேசையில் தண்ணீர் இருக்கிறது. கொதிக்க வைத்தது.

காலையில் கடற்சுவர் ஓரமாக நடங்கள்.
நடுவே நாற்பதடிக்குச் சுவர் இருக்காது.
புயல் கொண்டுபோனது, திருப்பித் தரவில்லை.
அந்தப் பொத்தலில் உட்கார்ந்துதான்
எவெலியோ தூண்டில் போடுகிறான்.
மீன் கிடைத்ததா என்று கேட்காதீர்கள்.
அலை எப்படி என்று கேளுங்கள்.
பதில் நீளும். நிழல் பார்த்து நில்லுங்கள்.

பனம்பட்டையைச் சுருட்டிக் கட்டிய கூம்பில்
தேங்காய்த் துருவல், தேன், கொய்யா.
விரலால் தோண்டித் தின்ன வேண்டும்.
சாலையோரம் கை நீட்டி விற்கும் பெண்களிடம் வாங்குங்கள்,
முனைக்கடையில் வேண்டாம்.
முனைக்கடைக்காரன் என் மச்சினன்,
தெரிந்துதான் சொல்கிறேன்.

மாதா கோயிலில் ஒரு மரச்சிலுவை.
முதல் கப்பல்காரன் நட்டது என்கிறார்கள்.
பார்க்க வந்தவர்களெல்லாம்
ஆளுக்கொரு சில்லு சீவிக்கொண்டு போய்
அது இளைத்துப்போனது.
இப்போது ஓரங்களுக்கு உலோகப் பூண்.
கும்பிடுங்கள், கும்பிடாமலும் போங்கள்,
பையில் கத்தி மட்டும் வேண்டாம்.

பிள்ளைகள் நத்தை ஓடு கொண்டுவருவார்கள்,
மஞ்சளில் கறுப்புக் கோடு, சிவப்பில் வெள்ளைக் கோடு,
யாரோ உட்கார்ந்து வரைந்தமாதிரி.
வாங்காதீர்கள். வாங்காவிட்டால் திட்டுவார்கள்.
திட்டை வாங்கிக்கொள்ளுங்கள்,
சுங்கத்தில் அதைப் பிடிக்க மாட்டார்கள்.

மலையா? தட்டைத் தலையோடு, கொல்லன் பட்டடை போல,
அதோ ஜன்னலில் இருக்கிறது.
நான் ஏறியதில்லை.

மின்சாரம் போகும்.
எப்போது வரும் என்ற கேள்விக்கு
எனக்கும் மின்வாரியத்துக்கும் ஒரே பதில்தான்.
மாடிக்கு வந்துவிடுங்கள். டோமினோ ஆடலாம்.
என் மகள் யுடெல்கிஸ் ஏமாற்றுவாள்,
இருட்டில் கட்டையைத் தடவியே
எண்ணைச் சொல்லிவிடுவாள்.

மழை பெய்தால் ஒன்றும் செய்யாதீர்கள்.
இதையும் எழுதச் சொன்னது,
இதே கட்டிலில் பதினோரு நாள்
கூரைச் சத்தம் கேட்டுக்கொண்டு கிடந்த
ஒரு நார்வேக்காரி.

தேய்பிறையில் வந்திருந்தால் உங்கள் யோகம்.
இருட்டில் ஆற்றுவாயில்
இடுப்பளவு நீரில் வலையோடு ஆட்கள்.
தெத்தி வரும்.
ஊசி நீளம்கூட இல்லாத மீன், கண்ணாடி உடம்பு,
கண் மட்டும் இரண்டு புள்ளி.
கடல் வேண்டாமென்று
கூட்டம் கூட்டமாய் நல்ல தண்ணீர் தேடி ஏறும்.
அங்கே யாரும் உரக்கப் பேசுவதில்லை.
யாரும் அப்படிச் சொல்லி வைக்கவுமில்லை.
நீங்களும் பேச மாட்டீர்கள், பாருங்கள்.
விடிந்ததும் முட்டையோடு பொரித்துத் தருகிறேன்.
தட்டிலிருந்து நூறு கண் உங்களைப் பார்க்கும்.
பார்த்தால் பார்க்கட்டும்,
சூடு ஆறுவதற்குள் சாப்பிடுங்கள்.

கடைசியாகத் தேன் ஆறு.
அதில் குளித்தவர் எங்கே போனாலும்
இந்த ஊருக்குத் திரும்பி வருவார் என்பார்கள்,
எல்லா வழிகாட்டியும் இதைச் சொல்லித்தான் காசு கேட்பான்.
என் வீட்டுக்காரர் ரொலாந்தோ
முப்பத்தாறு வருஷம் தினமும் அதில் குளித்தார்,
சோப்புப் போட்டு.
போய் ஒன்பது வருஷமாகிறது.
டாம்பாவில் ஏதோ கிடங்கில் வேலை,
அங்கேயும் வெயில்தானாம்.

ஆனாலும் குளியுங்கள்.
ஏழு மணிக்கு முன்னால் தண்ணீர் நன்றாக இருக்கும்.
துண்டு கொடியில். சாவி பூந்தொட்டிக்கடியில்.
நாய் கூடவே வரும், விரட்ட வேண்டாம்,
பாலம்வரை வந்துவிட்டு
அது தானாகத் திரும்பிவிடும்.