ராத்திரிக்கு ஆறு சொட்டு

குமுளி செக்போஸ்ட்டில் ஜூனோ உட்கார்ந்துவிட்டது.
குரைக்கவில்லை.
உட்கார்வதுதான் அதன் பாஷை.
ஜீப்பில் பதினாலு பேர், பதினாலு தூக்குவாளி.
அது உட்கார்ந்தது என் பைக்கு நேராக.

வீட்டில் வைத்துவிட்டு வர முடியாது.
மகனுக்குப் பதினேழு.

போன பங்குனியில்
நாக்கைத் தூக்குங்கள் என்றார் வைத்தியர்.
அடியில் விட்டுக்கொள்ள வேண்டுமாம்.
விழுங்கினால் பாதியை ஈரல் தின்றுவிடும்,
மீதி வந்து சேர ரெண்டு மணி நேரம்.
சீட்டில் எழுதினார்:
ஒச்சம்மாள், 46, விஜயா இலைச் சாறு.
என் நாத்தனார் பேரும் விஜயாதான்.
அவளும் இப்படித்தான், நேரம் கழித்து வருவாள்,
வந்தால் லேசில் போகமாட்டாள்.

ஏழாவது வளைவில் ஜீப் கவிழ்ந்து
ரெண்டு வருசம்.
இடுப்பெலும்பு கூடிவிட்டது,
நரம்பு கூடவில்லை.
இடது காலில் யாரோ தீக்குச்சி உரசுகிறார்கள்.
பற்றாது. விடவும் மாட்டார்கள்.
உரசல், உரசல்,
ஏலச் செடிக்கு நடுவே
நாள் முழுக்க.

மேலே தேக்கடியில் தண்ணி,
கீழே லோயர் கேம்ப்பில் கரண்டு,
நடுவில் இறங்குகிற குழாய்தான் நரம்பு என்றார்.
குழாயில் எல்லாம் இறங்கித்தானே வரும்?
ஒரே ஒரு ஆள் மட்டும்
எதிர்த் திசையில் ஏறுகிறானாம்.
கீழே வாங்கித் தாங்காதவன் அனுப்பும் ஆள்.
மேலே போய்ச் சொல்வானாம்:
போதும்ப்பா, ஷட்டரை இறக்கு.
சொன்ன இடத்திலேயே கரைந்துபோவானாம்.
அவனை உடம்பே செய்துகொள்கிறது,
செடி கிடி எதுவும் கேட்காமல்.
என் காலுக்கு அந்த ஆள் பத்தவில்லை.
இந்தச் சொட்டு
அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு போகிறது.

மூச்சை நடத்தும் இடத்தில்
அவன் தட்டுகிற கதவுகள் கொஞ்சம்தான்,
அதனால் மூச்சு நிற்காது என்றார்.
அதைக் கேட்டபிறகுதான்
விட்டேன்.

முதல் வாரம் ஒன்றுமில்லை,
வாய் மட்டும் சித்திரை மாசத்து ஓடை.
ரெண்டாம் வாரம் நடுச்சாமத்தில்
பழைய சோற்றுக்கும் கருவாட்டுக்கும் சட்டியை உருட்டினேன்.
கண் சிவந்திருந்தது.
அழுதியாம்மா என்றான் மகன்.
மூன்றாம் வாரம்
தீக்குச்சி உரசுகிறது,
ஆனால் பக்கத்து வீட்டில்.

ஒருநாள் பேராசை.
பன்னிரண்டு சொட்டு.
நெஞ்சை உரலில் போட்டு இடித்தது.
ஃபேன் ஒரு சுற்று சுற்றி முடிக்க
ஒரு வெள்ளிக்கிழமை ஆனது.
கதவுக்கு வெளியே யாரோ நின்று
என் கூலியை எண்ணிக்கொண்டே இருந்தார்கள்.
விடிந்து பார்த்தால் கோழி.
அன்றைக்குத் தரம் பிரிக்கையில்
ஏழு எம்.எம். காய் எது, எட்டு எம்.எம். எது,
கைக்குத் தெரியவில்லை.
அரை நாள் கூலி போச்சு.

மாமன் மகன் தங்கமாயன்
இதே செடிக்கு மதுரை ஜெயிலில் நாலு வருசம்.
எனக்கு ரசீது, ஜி.எஸ்.டி. உட்பட.
அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

ஸினோஜ் சார் சீட்டை வெயிலில் பிடித்துப் படித்தார்.
ஜீப் மொத்தமும் கழுத்தை நீட்டியது.
குப்பியைச் சாய்த்தார்,
பாசி நிறத்தில் சோம்பேறியாய் இறங்கியது.
வேதன குறவுண்டோ?

குறைகிறது என்றால் பொய்.
இல்லை என்றாலும் பொய்.
தள்ளி நிக்குது சார் என்றேன்.
அவருக்குத் தமிழ் தெரியும்.
எதுவும் சொல்லாமல் குப்பியைத் திருப்பித் தந்தார்.

ஜூனோ எழுந்திருக்கவில்லை.
பையைக் கட்டி மடியில் வைத்தபிறகும்
என்னையே பார்த்தது.
எதை மோந்தாய் நீ,
குப்பியையா,
கொழுப்புக்குள் இன்னும் படுத்துக் கிடக்கும்
நேற்றைய ஆறு சொட்டையா,
ஜெயிலுக்கும் ரசீதுக்கும் முந்தி
எனக்குள் ஏறத் தொடங்கிய அவனையா?

ஜீப் கிளம்பியது.
எதிரே பஞ்சவர்ணம் தூக்குவாளியை மடிக்கு எடுத்து
என் காலை நீட்ட இடம் விட்டாள்.
யாரும் பேசவில்லை.
எஸ்டேட் மண்ரோடு வந்ததும்
அவள் குனிந்து,
தன் முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டாள்:
குப்பி எவ்வளவுடி?