வடக்கு முகம்

கோபுரம் சாய்கிறதா பார் என்று
கவுண்டி என்னை அழைத்திருந்தது.
நாடா, தூக்குக்குண்டு, கைவிளக்கு.
மூன்று நாள் அங்கேயே கிடந்தேன்.

கன்சாஸில் கடல் கிடையாது.
ஆனாலும் வெல்ட்ரம் கவுண்டி நீதிமன்றத்தின்
சுவரெங்கும் சிப்பிகள்.
சுண்ணாம்புக் கல்லுக்குள், சாட்சி சொல்ல வந்து
பெயர் கூப்பிடப்படாமல்
உட்கார்ந்தே இருக்கின்றன.

சுவர்க் கனம் இருபத்தாறு அங்குலம்.
வாசற்படி ஒன்பது,
ஒவ்வொன்றின் நடுவிலும் கிண்ணம்போல் ஒரு குழி.
கொலைகாரர்கள் தேய்த்ததில்லை அது, என்றாள்
பத்திரப் பதிவு எழுத்தர் டார்லீன் ஹ்ருபெஷ்.
வரி கட்ட வந்தவர்கள். கல்யாண உரிமம்.
வேலித் தகராறு, வேலித் தகராறு.
தூக்குத் தண்டனை ஒரே ஒருமுறை, அதுவும்
மேல்முறையீட்டில் நின்றுபோயிற்று.

கோபுரத்துக்கு முகம் நான்கு, கடிகாரம் மூன்று.
வடக்கே வெறும் கல்வட்டம்,
முள்ளில்லை, எண்ணில்லை.
கட்டட வரி வேண்டாமென்று வடக்கு ஊர்க்காரர்கள்
ஒருவர் பாக்கியில்லாமல் வாக்களித்தார்களாம்.
காசு தராதவனுக்கு மணி எதற்கு
என்றார்களாம் அன்றைய ஆணையர்கள்.
எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை.
டார்லீன் வடக்கு ஊர்க்காரி.
சிரிக்காமல் சொன்னாள்.

மூன்றாம் நாள், அந்தக் குருட்டு வட்டத்தின் பின்னால்,
புறா எச்சத்தில் முட்டி போட்டு
ஓக் உத்தரங்களை ஒவ்வொன்றாய்த் தட்டினேன்.
மூன்றாவதில் பென்சில் எழுத்து.
நாற்பத்தொரு கோடுகள், ஐந்தைந்தாகக் கட்டியவை.
ஒரு பெருக்கல், அடித்துத் திருத்திய விடை.
கீழே வாட்ஸ்லாவ் செட்லாச்செக், 1889,
பிறகு எனக்குப் புரியாத ஒரே ஒரு சொல்.
நேர் கீழே, இரண்டு மாடி தாண்டி,
நீதிபதியின் நாற்காலி.

செல்போனில் படத்தைப் பெரிதாக்கி
டார்லீன் வெகுநேரம் பார்த்தாள்.
"செக் மொழி. 'தரவில்லை'."
யார், யாருக்கு என்றேன்.
"அவ்வளவுதான் எழுதியிருக்கு."
பிறகு சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு
பழைய பேரேடுகள் இருக்கும் பெட்டகத்துக்குள் போனாள்.

படியில் உட்கார்ந்து அறிக்கையை நிரப்பினேன்.
சாய்வு: முக்கால் அங்குலம், கிழக்கே.
ஈயத் தகடு: மாற்ற வேண்டும்.
வடக்கு உத்தரம் மூன்று: விரிசல் இல்லை, சுமக்கிறது.
குறிப்புகள் என்ற கட்டத்தில்
பேனாவை வைத்தேன், எடுத்தேன்.

ஐந்து மணி அடித்தது.
காவலாளி விளக்குகளை அணைத்துக்கொண்டு வந்தான்.
பெட்டகத்தில் மட்டும் வெளிச்சம்.
உள்ளே பக்கங்கள் புரளும் சத்தம்.