ஓரிடத்தில் மட்டும்

மருந்தகத்தில் மிஞ்சும் மாத்திரைப் பெட்டிகளை
வெட்டித்தான் என் சொல்லட்டைகள்.
ஒரு பக்கம் கிரேக்கம்.
மறுபக்கம் ஜேர்மன் பாதி, தமிழ் பாதி,
ஓரத்தில் ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்ற அச்சும்.

பதினோராம் இலக்க டிராம்
பாசலின் எல்லைவரை போய்வருவதற்குள் இருபது சொல்.
புலம்பலுக்கு மட்டும் ஏழு. கோடரிக்கு இரண்டு.
‘ஐயை’ என்று அலறுகிற ஒன்றைத்தான்
பாடமாக்க வேண்டியிருக்கவில்லை.

நேற்று, தூதுவன் பேச்சில்
மூன்றை உடைத்து ஒட்டிய ஒரு சொல்.
துடுப்புச் சத்தத்துக்கு அஞ்சுகிற,
என்று சொல்லிவிட்டு அகராதி
பக்கத்தில் கேள்விக்குறியும் போடுகிறது.
எஞ்சிய கிரேக்கம் முழுவதிலும்
இந்த ஓரிடத்தில்தான் வருகிறதாம்.

“விட்டுவிடு” என்றாள் ரேகுலா.
“இனி உன் முன்னால் வராது.
சோதனைக்கும் வராது.”

சரிதான்.

என் அகதி விசாரணைத் தாளில், ஏழாம் பக்கம்,
‘ஆமி வந்தால் கரைச்சல்’ என்று நான் சொன்னது
சென்னைக்கார மொழிபெயர்ப்பாளரின் வாய்க்குள் போய்
‘இராணுவம் வந்தால் கரைதல்’ என்று
ஜேர்மனில் வெளியே வந்திருக்கிறது.
பாவம், அவரும் நேர்மையாக
ஒரு கேள்விக்குறி போடச் சொல்லியிருக்கிறார்.
எது கரைந்தது என்று அதிகாரி கேட்கவில்லை.
நானும் அந்தச் சொல்லை
அந்த அறையில் மறுபடி சொல்லவில்லை.

அட்டை எழுதியாயிற்று.
குலைத்து அடுக்கும்போது அடியில் போனால்
எடுத்து மேலே வைக்கிறேன்.
டிராம் எல்லையில் வளைந்து திரும்புகிறது,
சக்கரம் கிறீச்சிட.
துடுப்புச் சத்தத்துக்கு, துடுப்புச் சத்தத்துக்கு...
அழுத்தம் எந்த அசையில் என்பதுதான்
இன்னும் பிடிபடவில்லை.