எர்த்

மழை பெய்தால் மட்டும் வைப்பர் படுத்துக்கொள்கிறதாம்.
வெயிலில் தட்டினால்
சமர்த்தாய் வீசுமாம்.
"இப்போ உங்ககிட்ட காட்டினா பாருங்கக்கா,
ஓடும்" என்றார் மணலி கன்னியப்பன்.
ஓடியது.

ஜி.பி. ரோட்டுச் சந்தில், என் தார்ப்பாய்க்கடியில்
இப்படி நல்லபிள்ளை வேஷம் போடும் வண்டிகள்
மாதத்துக்குப் பத்தாவது வரும்.
மழையில் வேறென்ன போடுவீர்கள் என்று கேட்டேன்.
ஹெட்லைட். கண்ணாடிப் புகைக்கு புளோயர்.
பின்சீட்டு ஆள் கேட்டால் ஏசி.
போடுங்கள் எல்லாவற்றையும்.

பாதிக் கண்ணாடியில் நின்றது,
ஏதோ சொல்ல எழுந்து
மறந்துபோன கை மாதிரி.

ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தேன்.
உள்ளே கம்பி முழுசாக இருந்தது.
ரிலே மேல் விரல் வைத்தேன்,
டிக்.
மோட்டார் சாக்கெட்டில் டெஸ்ட் லாம்பைக் குத்தினேன்,
எரிந்தது.
பாதிப் பேர் இந்த இடத்தில்தான்
"மோட்டார் போச்சு சார்" என்பார்கள்.
மூவாயிரத்து இருநூறு ரூபாய்.
நல்ல மோட்டார் காயலான் கடைக்குப் போகும்,
புது மோட்டாரும் அடுத்த மழையில் படுக்கும்.

டெஸ்ட் லாம்பு பொய் சொல்வதில்லை.
அதன் பசி சின்னது, அவ்வளவுதான்.
ஒரு மிடறு கரண்டுக்கே முகம் மலர்ந்துவிடும்.
மோட்டார் ஒரு குடும்பத்துக்குச் சாப்பிடும்.

மீட்டரை எடுத்தேன்.
கறுப்பு முனை பேட்டரி மைனஸில்,
சிவப்பு முனை மோட்டாரின் வெறும் உடம்பில்.
"சுவிட்ச்."
சுழியம் வரவேண்டிய இடத்தில்
நாலேகால் வோல்ட்.

"போற வழி சரியா இருக்கு,
திரும்பி வர்ற வழிதான் அடைச்சிருக்கு."
அவருக்குப் புரிந்த மாதிரி தலையாட்டினார்.
வைப்பர், விளக்கு, புளோயர்
மூன்றும் ஒரே போல்ட்டில்தான்
எர்த் எடுக்கின்றன.
வெயிலில் ஒருவர் போகும் சந்து,
மழையில் மூவரும் ஒன்றாக முட்டினால்?

கண்ணாடிக்குக் கீழ்த் தட்டைக் கழற்றினேன்.
அந்த போல்ட்
பாசி பிடித்த கோயில் குளத்துப் படி போலப்
பச்சையாக இருந்தது.
வயரை இழுத்தேன், மாவாக உதிர்ந்தது.
அதற்குப் பின்னால்
மழை கொண்டுவராத ஒன்று.
விரலில் தேய்த்தேன்.
சன்னமான சேறு, காய்ந்து, ஏரி நாற்றத்தோடு.
தகரத்தில் நேர்க்கோடாக ஒரு தண்ணீர்த் தழும்பு,
ஸ்டியரிங் உயரத்துக்கு.

"யார்கிட்ட வாங்கினீங்க?"
"வேளச்சேரில ஒரு டாக்டர்.
மழையில வண்டிய வெளிய எடுக்கவே மாட்டாராம்."

எடுத்திருக்க மாட்டார்தான்.
மழையே வந்து
எடுத்துப் பார்த்திருக்கிறது.

இன்னும் முப்பத்தெட்டு தவணை என்று
வந்ததும் சொல்லியிருந்தார், நான் கேட்காமலே.
இன்றைக்கு வைப்பர்.
தையில் டோர் லாக்,
ஆடிக்குள் கம்ப்யூட்டர் பாக்ஸ்.
எனக்குத் தெரியும் அந்த வரிசை.
சொன்னால் அவர் தூக்கம் போகும்.
சொல்லாவிட்டால்
ஏதாவது பாலத்து ஏற்றத்தில், மழையில்,
பின்சீட்டில் ஆள் இருக்க, எல்லாமே போகும்.

உப்புத்தாள் போட்டேன். தகரம் வெள்ளிபோல் வந்தது.
புது லக், புது போல்ட், மேலே கிரீஸ்.
மீட்டரில் சுழியத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு துளி.
பில்லில் எழுதினேன்:
எர்த் - இருநூற்றைம்பது.

"வேற ஒண்ணும் இல்லையேக்கா?"

தட்டின் மூலையில் கிடந்ததை எடுத்து
அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
சுண்டுவிரல் நகமளவு நத்தை ஓடு.

வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
சுவிட்சை அணைக்க
இருவருக்கும் தோன்றவில்லை.
மழை விட்டு, தண்ணீர் வழிந்து காய்ந்துவிட்ட கண்ணாடியில்
கீச், கீச் என்று
இழுத்துக்கொண்டே இருந்தது வைப்பர்.