எட்டாவது கட்டம்

படிவத்தில் ஏழு கட்டங்கள் நிரப்பியாயிற்று.
தோன்றுமிடம்: குடகு, பிரம்மகிரிச் சரிவு,
குனிந்தால் ஒரு முகம் மட்டும் கொள்ளும் தொட்டி.
நீளத்தைத் தலைமை அலுவலகமே தட்டச்சு செய்திருந்தது.
எட்டாவது: ஆறு முடியுமிடம்.
அதற்காகத்தான் ஜி.பி.எஸ் கருவியும் குடையுமாக
மேலையூர்க் கதவணைக்கு வந்திருக்கிறேன்.

லஸ்கர் நடனசிகாமணி
ஷட்டரின் இந்தப் பக்கம் ஒரு கை அள்ளிக் குடித்தார்.
அந்தப் பக்கம் ஒரு கை அள்ளித் துப்பினார்.
"நடுவுல இந்த இரும்புதான் மேடம். எழுதிக்கிங்க."

எழுதப் போனேன்.
ஷட்டரின் அடி ரப்பர் கிழிந்திருந்தது.
விரற்கடை இடுக்கில் நுழைந்து
ஒரு மடவைக் குஞ்சு
யாரிடமும் கையெழுத்து வாங்காமல்
மேற்கே போயிற்று.

முக்கொம்பில் கொள்ளிடத்துக்குப் பிரித்துக் கொடுத்தது,
கல்லணையில் வெண்ணாறென்றும் புதாறென்றும்
வேறு பேரில் கிளம்பிப் போனது,
அப்புறம் குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன்.
கேட்டவர்க்கெல்லாம் பாகம் எழுதிவைத்துவிட்டு,
அகண்ட காவிரி என்று பேரெடுத்தது
இங்கே
புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகினால்
தாண்டிவிடலாம்.

"ஆறு எங்க முடியுது?"
மடையை மண்வெட்டியால் அடைத்துக்கொண்டிருந்த
அபூர்வத்தைக் கேட்டேன்.
நிமிரவில்லை.
"போன வருசம் எங்க வயலுக்கு ரெண்டு வயல் முன்னாடி.
இந்த வருசம் இன்னும் தெரியல."

அட்சரேகைக்கு இடமிருக்கிறது, தீர்க்கரேகைக்கு இடமிருக்கிறது.
'இந்த வருசம்' என்பதற்குக்
கட்டமில்லை.

மேட்டூர் திறந்து ஐம்பத்திரண்டாம் நாள்.
சாயங்காலம் கடல் ஏறிவந்து
கடன்காரனைப்போல் இரும்பைத் தட்டியது.
அது இறங்கும்வரை
பீடி மூன்று, கடலை ஒரு பொட்டலம்.
எட்டரைக்கு அவர் சாவியைச் செருகித் திருகினார்,
ஆறு அங்குலம்.

பழுப்பு நீர் உறுமிக்கொண்டு வெளியேறியது.
டார்ச் வெளிச்சத்தில்
நுரை, பாம்பேரி இலை, பரோட்டாக் கடைப் பாலிதீன்,
அதற்குப் பின்னால் காதோலை ஒன்று.
கும்பகோணமோ குத்தாலமோ,
எந்தத் துறையில் எவள் விட்டதோ
சுருள் பிரியாமல் சுற்றிச் சுற்றி வந்து
உப்புக்குள் போயிற்று.
கரையிலேயே கொஞ்ச தூரம் கூட நடந்தோம்.
போய்க்கொண்டேதான் இருந்தது.

டார்ச்சில் பேட்டரி தீர்ந்தது.

இரும்பின் எண்களைத்தான் போட்டிருக்கிறேன்,
பென்சிலால்.